டெக்ஸ் வில்லரை வரைந்தது ஒரே ஆளா? முகம் மாறிக்கொண்டே இருக்கிறதே

பாலக்கோட்டான்:
தர்மபுரியில் பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு லயன் காமிக்ஸ் (தமிழ் காமிக்ஸ் இதழ்) கிடைத்தது, பெரும்பாலும் டெக்ஸ், அதாவது இத்தாலியில் வரும் கௌபாய் கதைகளின் நாயகன். வரிசையாகப் படித்தால் ஒரு கதையில் டெக்ஸ் ஒல்லியாக இருக்கிறார், இன்னொன்றில் தாடையே வேறு. அட்டையில் இருப்பவரும் உள்ளே இருப்பவரும் ஒரே ஆள் மாதிரி இல்லை. முதலில் வரைந்தது கலெப் என்பவராமே, கடைசி வரைக்கும் அவர்தானா? நான் சுவர் விளம்பரம் எழுதுகிறவன், ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைவு. அவரைப் பார்த்துப் பழகலாமா?

ஓசூர் கழுகு:
முழுப் பெயர் ஔரேலியோ கல்லெப்பினி, பிறந்தது 1917, இத்தாலியின் டஸ்கனி பக்கம். டெக்ஸுக்கு முன்னாலேயே காமிக்ஸ் வரைந்தவர்தான், நடுவில் சார்டினியா தீவில் ஓவியமும் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் மிலான். 1948 செப்டம்பர் 30-ல் டெக்ஸ் வந்தது, கதை ஜான் லூயிஜி பொனெல்லி. இதில் வேடிக்கை என்னவென்றால், பதிப்பகம் பெரிதாக நம்பியது டெக்ஸை இல்லை, அதே சமயத்தில் ஆரம்பித்த 'ஒக்கியோ கூப்போ' என்ற இன்னொரு தொடரை. பகல் முழுக்க அதை வரைந்துவிட்டு, ராத்திரியில்தான் மனிதர் டெக்ஸை வரைந்தார். அது சீக்கிரமே நின்றுபோச்சு, ராத்திரி வேலை இன்னும் ஓடுகிறது.

காவேரிப்பட்டணம் கார்சன்:
முகத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நடிகர் கேரி கூப்பரை மனதில் வைத்துத்தான் வரைந்தார், போகப் போக கலெப்பின் சொந்த முகச்சாயலே டெக்ஸுக்கு வந்துவிட்டது. மாதம் நூறு பக்கத்துக்கு மேல் ஒரே ஆள் வரைய முடியுமா, அதனால் மற்றவர்களும் வந்தார்கள். தொடக்க காலத்தில் வேறு ஆள் வரைந்த பக்கங்களில்கூட டெக்ஸ் முகத்தை மட்டும் கலெப் போட்டதுண்டு. பின்னால் ஜொவான்னி டிச்சி, ஃபாபியோ சிவிடெல்லி எல்லாம் அவரவர் கையிலேயே வரைந்தார்கள், தாடை மாறுவது அதனால்தான். அட்டை விஷயம் வேறு. இத்தாலி மாத இதழில் 400-வது வரைக்கும் அட்டை கலெப்புடையது, அது வந்த 1994-லேயே அவர் காலமானார், 401 முதல் க்ளாடியோ வில்லா. ஆனால் நம்ம பழைய தமிழ் இதழ்களில் அட்டையை இங்கேயே வரையவைத்ததும் உண்டு, அதை வைத்து கலெப்பை எடை போடாதீர்கள்.

பாலக்கோட்டான்:
நன்றி அண்ணா. அப்போ பழக எதை எடுக்கலாம்?

ஓசூர் கழுகு:
கறுப்பு வெள்ளையை எடுங்க தம்பி, கலர் பதிப்பு வேண்டாம், கோடு எங்கே தடிக்கிறது என்பது கலரில் தெரியாது. இன்னொன்று, டெக்ஸ் முதலில் செக் புக் மாதிரி நீளவாக்கில் சின்னப் புத்தகமாக வந்தது, பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம். அப்படி மூன்று வரிசையை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியதுதான் இப்போதைய பக்கம். அதனால் முதலில் ஒரு வரிசையை மட்டும், இரண்டு மூன்று கட்டம், முழுசாக வரைந்து பாருங்க. ஆள் நிற்பது, குதிரை, பின்னால் பாறை, அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் கார்சன்:
பாறைக்கு அரிசோனா போட்டோ தேட வேண்டாம், சாயங்கால வெயிலில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் பக்கம் நோட்டோடு வாங்க. குதிரைதான் கஷ்டம், கால் நாலும் ஒழுங்காக வர எனக்கு இன்னும் வரலை.