வாஷிங்டன் கேப்பிடல்ஸ் 1974–75: எட்டே வெற்றிகளோடு ஓர் அணி எப்படிப் பிழைத்தது?

சாட்ஸ்வொர்த் சரவணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஓலாஃப் கோல்ட்சிக் பற்றித் தேடிப் படித்தபோது, அவர் பல ஆண்டுகள் கோல்காப்பாளராக நின்ற வாஷிங்டன் கேப்பிடல்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணியின் பழைய கணக்குகளும் கண்ணில் பட்டன. என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க லீக்கில் அவ்வணி நுழைந்த முதல் பருவமான 1974–75-இல் 80 ஆட்டங்கள் ஆடி 8 வெற்றி, 67 தோல்வி, 5 சமநிலை என 21 புள்ளிகள் மட்டுமே பெற்றிருக்கிறது. அடித்த கோல்கள் 181. வாங்கிய கோல்கள் 446. சொந்த அரங்கில் ஏழு முறையாவது வென்றார்கள், ஆனால் வெளியூரில் ஆடிய 40 ஆட்டங்களில் 39-ஐத் தோற்றார்கள்.

நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்தில் கடைசி இடத்துக்கு வரும் அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். பி.எஸ்.எல். என்னும் முதல்நிலைக் கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தை 1997-இல் வென்ற நம் சாட்ஸ்வொர்த் அணியான மானிங் ரேஞ்சர்ஸுக்கே பின்னாளில் அந்த நிலை வந்தது. அப்படியிருக்க, கேப்பிடல்ஸ் அடுத்த ஆண்டும் அதே லீக்கில் எப்படி ஆடியது? அந்தத் தோல்விகளுக்கு வீரர்களின் திறமைக் குறைவுதான் காரணமா, வேறு ஏதாவது உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மாரிட்ஸ்பர்க் நடராஜன் எழுதியது:

தம்பி சரவணனுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு விடை எளிது. வட அமெரிக்க லீக்குகளில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேப்பிடல்ஸ் உரிமையாளர் ஏப் போலின் 60 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி இடம் வாங்கினார். அவர் கையில் பணம் இருக்கும்வரை அந்த இடம் அவருடையது.

இரண்டாவது கேள்விதான் விரிவாகப் பார்க்க வேண்டியது. 1967 வரை என்.எச்.எல்.-இல் ஆறே அணிகள்தாம் இருந்தன. அந்த ஆண்டே அவை பன்னிரண்டாகி, 1970-இல் பதினான்காகவும் 1972-இல் பதினாறாகவும் வளர்ந்து, வாஷிங்டனும் கான்சஸ் சிட்டி ஸ்கௌட்ஸும் சேர்ந்த 1974-இல் பதினெட்டாயின. அது போதாதென்று, 1972-இல் தொடங்கிய டபிள்யூ.எச்.ஏ. என்னும் போட்டி லீக் 1974–75-இல் பதினான்கு அணிகளை நடத்திக்கொண்டிருந்தது. ஆறு அணிகளுக்கு வீரர்களைத் தந்த அதே கனடா, எட்டே ஆண்டுகளில் முப்பத்திரண்டு அணிகளுக்குத் தர வேண்டியதாயிற்று. ஐரோப்பிய வீரர்களோ அப்போது விரல்விட்டு எண்ணத் தக்க அளவிலேயே வந்திருந்தார்கள்.

இந்நிலையில் புதிய அணிக்கு ஆட்கள் எங்கிருந்து கிடைப்பார்கள்? பழைய அணிகள் தங்களுக்கு வேண்டியவர்களையெல்லாம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிஞ்சியவர்களின் பட்டியலை நீட்டும். அதிலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். பந்தி முடிந்தபின் வந்தவனுக்குக் கிடைக்கும் சாப்பாடுதான் அது. 2017-இல் லாஸ் வேகாஸ் அணி 50 கோடி டாலர் கட்டி நுழைந்தபோது, ஒவ்வோர் அணியும் ஒரே ஒரு கோல்காப்பாளரைத்தான் காத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு விதி தளர்ந்திருந்தது. அவ்வணி முதல் பருவத்திலேயே 51 வெற்றி பெற்று இறுதிச் சுற்றுவரை போனது. அங்கே அதைத் தோற்கடித்து, லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது கேப்பிடல்ஸ் என்பது வரலாற்றின் குறும்பு. ஆகவே 1974-ஆம் ஆண்டு வீரர்களைப் பழிப்பதைவிட, அவர்களைச் சேர்த்த விதியைப் பழிப்பதே நியாயம் என்பது என் கருத்து.

---

லெனேசியா தேவி எழுதியது:

நடராஜன் ஐயா சொன்ன காரணங்களை ஏற்கிறேன். ஆனால் அவை முழுக் காரணங்கள் அல்ல. கான்சஸ் சிட்டியும் அதே ஆண்டு, அதே விதியின் கீழ், அதே மிச்சப் பட்டியலிலிருந்துதான் ஆட்களை எடுத்தது. அவர்கள் 15 ஆட்டங்களில் வென்று 41 புள்ளிகள் பெற்றார்கள். அதுவும் மோசமான பருவம்தான், ஆனாலும் வாஷிங்டனைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்த வேறுபாட்டுக்கு விதியைக் குற்றம் சொல்ல முடியாது.

அணியைக் கட்டிய பொது மேலாளர் மில்ட் ஷ்மிட் சாதாரண ஆள் அல்லர். பாஸ்டன் அணியில் தாமே பெரிய ஆட்டக்காரராக இருந்து, பின்பு அதன் மேலாளராக 1970, 1972 ஆகிய இரு கோப்பைகளைக் கண்டவர். அப்படிப்பட்டவர் ஒரே பருவத்தில் மூன்று பயிற்றுநர்களைக் காண வேண்டி வந்தது. ஜிம் ஆண்டர்சன் 54 ஆட்டங்களில் நான்கு வெற்றியோடு போனார். ரெட் சல்லிவன் வந்து இரண்டு வெற்றியோடு போனார். கடைசி எட்டு ஆட்டங்களுக்கு ஷ்மிட் தாமே பயிற்றுநராக நின்றார். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராப்டில் முதல் உரிமை வாஷிங்டனுக்கே கிடைத்தது. அதில் அவர்கள் எடுத்த கிரெக் ஜோலி எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. அதே டிராப்டில் 22-ஆவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த பிரையன் ட்ராட்டியரோ பிற்காலத்தில் அந்த அணி தொடர்ந்து நான்கு கோப்பைகள் வெல்லத் தூணாக நின்றார்.

ஆனால் அந்த டிராப்டில் வாஷிங்டன் எடுத்த இன்னொருவரை நாம் மறக்கக் கூடாது. 19-ஆவது இடத்தில் தேர்வான மைக் மார்சன் கறுப்பின இளைஞர். 1958-இல் பாஸ்டனுக்கு ஆடிய வில்லி ஓரீக்குப் பிறகு என்.எச்.எல். களத்தில் இறங்கிய இரண்டாவது கறுப்பர் அவர்தாம். பத்தொன்பது வயதில், வாரத்துக்கு வாரம் தோற்றுக்கொண்டிருந்த அணியில், பார்வையாளர்களிடமும் எதிரணியினரிடமும் இனவெறி வசைகளைக் கேட்டுக்கொண்டே 16 கோல்கள் அடித்தார். 1973-இல் இங்கே தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம் தோன்றி, இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று முழங்கிய காலமும் அதுவே. நம் வீட்டுப் பெரியவர்கள் இனவாரியாகப் பிரிக்கப்பட்ட மைதானங்களில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது மார்சன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்று எனக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்வதுண்டு.

---

சாட்ஸ்வொர்த் சரவணன் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. மார்சன் பற்றி இதுவரை அறியாதிருந்தேன். இன்னும் ஒரு சந்தேகம். 446 கோல்கள் என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஐந்தரைக்கும் மேல். அத்தனையையும் வாங்கிய கோல்காப்பாளர்கள் யார்? வெளியூரில் வென்ற அந்த ஓர் ஆட்டம் எது?

---

கேப் டவுன் பழனி எழுதியது:

சரவணன் அவர்களே, மூவர் மாறி மாறி நின்றார்கள். எட்டு வெற்றிகளும் ரான் லோ என்பவரின் கணக்கில் உள்ளன. அவருக்கே 36 தோல்விகளும் உண்டு. மிஷெல் பெல்யூமர் நிலை இன்னும் பரிதாபம்: 24 தோல்வி, 3 சமநிலை, வெற்றி ஒன்றுகூட இல்லை. மூன்றாமவர் ஜான் ஆடம்ஸ் நின்ற ஏழு ஆட்டங்கள் தோல்வியில் முடிந்தன. இங்கே கிராண்ட்வெஸ்ட் பனித்தளத்தில் ஹாக்கிப் பயிற்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பக் எனப்படும் அந்த ரப்பர் வில்லை கோல்காப்பாளரிடம் வந்து சேருமுன் தடுக்க வேண்டியவர்கள் தடுப்பாளர்கள். அவர்கள் சறுக்கித் திரும்புவதற்குள் எதிரணியில் இருவர் தனியாக உள்ளே வந்துவிட்டால் எந்தக் காப்பாளரும் கையாலாகாதவரே.

வெளியூர் வெற்றிக்கு வருவோம். பிப்ரவரியில் தொடங்கித் தொடர்ந்து 17 ஆட்டங்களில் தோற்றபின், 1975 மார்ச் 28 அன்று ஓக்லாந்தில் கலிபோர்னியா கோல்டன் சீல்ஸ் அணியை 5–3 என வென்றார்கள். பருவத் தொடக்கத்திலிருந்து வெளியூரில் 37 முறை தோற்றுவிட்டு வந்த வெற்றி அது. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் இருந்த குப்பைத் தொட்டியை எடுத்து, அதில் எல்லாரும் கையெழுத்திட்டு, ஸ்டான்லி கோப்பையைப் போலத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பனித்தளத்தைச் சுற்றிச் சறுக்கினார்கள். இதைக் கேலி என்று சிலர் எழுதுகிறார்கள். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் என்பதால்தான் அந்தப் பருவத்தை முடித்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 6 அன்று கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கை 8–4 என வென்றார்கள். ஸ்டான் கில்பர்ட்சன் மட்டும் நான்கு கோல்கள் அடித்தார். கோல்ட்சிக்குக்கு ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து ஐந்து வயது நிறைந்த நாளும் அதுவே. வேறு சிறப்பு இல்லை. சரவணனுக்காகச் சொல்லி வைத்தேன்.

எப்படிப் பிழைத்தது என்ற மூலக் கேள்விக்கு ஒன்று சேர்க்க வேண்டும். லீக் வெளியேற்றாது என்பது சரி. ஆனால் கடன் வெளியேற்றும். கான்சஸ் சிட்டி இரண்டே பருவங்களில் டென்வருக்கு இடம்பெயர்ந்தது. அதே 1976-இல் சீல்ஸ் அணி கிளீவ்லாந்துக்குப் போய், இரண்டாண்டில் மின்னசோட்டாவோடு இணைக்கப்பட்டது. தேவி அக்கா சுட்டிய 15 வெற்றிகள் கான்சஸைக் காக்கவில்லை. வாஷிங்டன் தங்கியதற்குக் காரணம், அணியின் உரிமையாளரே மேரிலாந்தில் லாண்டோவரில் இருந்த கேப்பிடல் சென்டர் அரங்கின் உரிமையாளராகவும் இருந்தது. 1973-இல் திறந்த அந்தப் பெரிய அரங்கை நிரப்பப் போலினுக்கு ஆட்ட இரவுகள் தேவைப்பட்டன. அதே கூரையின் கீழ் அவருடைய கூடைப்பந்து அணியான புல்லட்ஸ் அதே 1974–75 பருவத்தில் 60 வெற்றி பெற்று இறுதிப் போட்டிவரை சென்றது. ஒரே முதலாளி, ஒரே கட்டடம், இரு அணிகள். ஒன்று உச்சியில், மற்றொன்று பாதாளத்தில். அடுத்த பருவத்தில் கேப்பிடல்ஸ் 11 வெற்றிதான் பெற்றது. கடைசி இடத்துக்குக் கிடைத்த 1975 டிராப்டின் முதல் உரிமையையும் பிலடெல்பியாவுக்கு விற்றுவிட்டு, பதிலுக்கு வாங்கிய பில் கிளெமென்ட்டை ஒரு பருவம் முடியும் முன்பே வேறு அணிக்கு அனுப்பினார்கள். 1982 கோடையில் போலின்கூட, சீட்டு விற்காவிட்டால், வரியும் வாடகையும் குறையாவிட்டால் அணி போய்விடும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் திரண்டு சீட்டு வாங்கினார்கள். 1983-இல்தான் அவ்வணி, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றை முதன்முதலாக ஆடியது.