புதுப்பிப்பு: கழிவுநீர்க் கால்வாய் செலவுக் கணக்கு கிடைத்துவிட்டது

எங்கள் கிராமத்தில் பாதியில் நிற்கும் கால்வாய்க்கு முழுத் தொகையும் செலவானதாக எழுதியிருக்கிறார்களே, கணக்கை எப்படிப் பார்ப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் மே 1 கிராம சபையில் கேட்டேன். "பிறகு காட்டுகிறோம்" என்பதோடு சரி. முதல்வர் தனிப்பிரிவு மனுவுக்கு "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் வந்தது. அது எந்த நடவடிக்கையோ!

பலன் தந்தது, நகல் கேட்காமல் ஆவணங்களை நேரில் பார்வையிடக் கேளுங்கள் என்ற யோசனைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 2(j) அதற்கு இடம் தருகிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பணியின் பெயரைக் குறிப்பிட்டு, அளவுப் புத்தகத்தையும் (முடிந்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் பதிவேடு) செலவுப் பட்டியலையும் பார்வையிட ஊராட்சியிடம் கேட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: பணி ஊராட்சியுடையதே அல்ல, ஊராட்சி ஒன்றிய நிதி. அதே சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி மனுவை ஊராட்சியே ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. புதிதாகக் கட்டணம் கட்டவில்லை. அளவுப் புத்தகத்தில் கால்வாய் தெருமுனை வரை நீள்கிறது, தரையில் அவ்வளவு இல்லை. அந்தப் பக்கங்களின் சான்றிட்ட நகலோடு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறேன். அளவெடுக்கப் பொறியாளர் வருவதாகக் கடிதம் வந்துள்ளது.