லாபத்தில் இருக்கும் மது நிறுவனம் ஏன் பீப்பாய்த் தொழிலாளர்களை முதலில் அனுப்புகிறது?

கேள்வி:
ஜாக் டேனியல்ஸ் விஸ்கியைத் தயாரிக்கும் பிரவுன்-ஃபோர்மன் நிறுவனம், உலகெங்கும் உள்ள தன் 5,400 ஊழியர்களில் சுமார் 12 விழுக்காட்டினரைக் குறைப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்த பீப்பாய்த் தொழிற்சாலையையும் மூடுவதாகச் சொன்னது. அங்கு மட்டும் ஏறத்தாழ 210 பேர். நிறுவனம் நட்டத்தில் இல்லை. விற்பனை மந்தமென்றால் விளம்பரத்தில் கை வைக்கலாமே, பீப்பாய் செய்பவர்கள் மேல் ஏன் கை வைக்க வேண்டும்?

மறுமொழி 1:
பீப்பாயின் தேவையை முடிவு செய்வது இன்றைய விற்பனை அல்ல, இன்று எவ்வளவு வடிக்கிறார்கள் என்பதுதான். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில்தான் போர்பன் எனும் அமெரிக்க விஸ்கியை ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி போர்பனுக்கு உதவாது. ஆகவே வடிப்பு குறைந்த அன்றே, ஆணியும் பசையும் இன்றிப் பலகைகளை வளைத்து இரும்பு வளையம் பூட்டுகிறவரின் வேலையும் குறைந்துவிடுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து குடித்தவர்கள் பெருகியதைப் பார்த்து, அந்த வேகம் நீடிக்கும் என்று நம்பி மது நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கான சரக்கை அடுக்கின. 2025 தொடக்கத்தில் கென்டக்கிக் கிடங்குகளில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் இருந்தன. அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி ஓடுகிறது, உள்ளிருக்கும் மதுவோ ஆண்டுதோறும் ஆவியாகிறது, போதாததற்கு ஊறும் பீப்பாய்க்கு அந்த மாநிலம் சொத்து வரியும் விதிக்கிறது (2043க்குள் படிப்படியாக நீக்குகிறார்கள்). கணித்தது மேலிடம், வேலை இழப்பது பட்டறை.

மறுமொழி 2:
பீப்பாய்க் கணக்கு மட்டும் போதாது. ஹென்னஸி பிராந்தியும் ஷாம்பெயினும் விற்கும் மொயெட் ஹென்னஸி, அதே ஆண்டு சுமார் 1,200 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை ஊழியர்களுக்குத் தெரிவித்தது. பெரும்பாலும் விலகுவோரின் இடத்தை நிரப்பாமல் விடுவதே வழி. ஐரோப்பிய பிராந்திக்குச் சீனா 34.9 விழுக்காடு வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டுச் சரக்கு மலிவு விலையில் வந்து குவிவதைத் தடுக்கும் வரி) விதித்தது. ஆனால் வரியையே எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்: அமெரிக்காவின் இறக்குமதி வரிக்குப் பதிலடியாகக் கனடா மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடையடுக்குகளிலிருந்து எடுத்தது 2025 மார்ச்சில், பிரவுன்-ஃபோர்மனின் அறிவிப்போ அதற்கு முன்பே வந்துவிட்டது.

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பணிநீக்க இழப்பீடு ‘ஒருமுறைச் செலவு’ என்று தனியே ஒதுக்கப்படும். மிச்சமாகும் சம்பளமோ ஆண்டுதோறும் லாபத்தில் சேரும். லாபத்தில் இருக்கும்போதே ஆட்குறைப்பு நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பீப்பாய் இனியும் வேண்டும்தானே, அதை யார் செய்வார்கள்?

மறுமொழி 1:
வெளியிலிருந்து வாங்குவதாக நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதனால் அந்தக் கைத்திறனுக்கு வேறு பட்டறைகளில் இடம் இருக்கலாம். ஆனால் எல்லோரும் வடிப்பைக் குறைக்கும்போது அங்கும் ஆள் எடுப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.