டொலுவீன், மெத்தனால் பிரித்தெடுத்த அனுபவம் யாருக்காவது இருக்கா?

மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கெமிக்கல் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மணலியில் ஒரு சின்ன யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். ரியாக்டரிலிருந்து வரும் டொலுவீன், மெத்தனால் கரைப்பான் (சால்வென்ட்) கலவையை டிரம்மில் பிடித்து எரிக்க அனுப்பிவிட்டுப் புதுசாக வாங்குகிறோம். காசும் போகிறது, ஏற்கெனவே இந்தப் பக்கம் காற்று இருக்கிற லட்சணத்துக்கு இது வேறயா என்று இருக்கிறது.

சும்மா காய்ச்சி வடித்தால் பிரியாது. டொலுவீன் கொதிநிலை 110 டிகிரி, மெத்தனாலுக்கு 65 டிகிரி, நல்ல இடைவெளிதானே என்று தோன்றும், ஆனால் இரண்டும் அசியோட்ரோப் (ஒரே திரவம் போலக் கொதிக்கும் கலவை) ஆகி 64 டிகிரி வாக்கில் சேர்ந்தே ஆவியாகிவிடும். தண்ணீர் விட்டுக் கலக்கினால் மெத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும், டொலுவீன் மேலே நிற்கும். லேபில் பார்த்துவிட்டேன், அழகாகப் பிரிகிறது.

சிக்கல் அந்தத் தண்ணீரில்தான். ஒரு கிலோ மெத்தனால் கழிவுநீரில் 1.5 கிலோ சிஓடி (அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஏற்றும், எங்கள் இடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தாங்காது. மெத்தனாலும் தண்ணீரும் அசியோட்ரோப் ஆகாது, அதனால் ஒரு பேக்டு காலம் (packed column, உள்ளே நிரப்பிகள் போட்ட காய்ச்சி வடிக்கும் கோபுரம்) போட்டு மெத்தனாலை எடுத்துவிட்டு அதே தண்ணீரை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம் என்பது என் கணக்கு.

இப்படி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: தண்ணீரை எத்தனை சுற்று திருப்பலாம்? டொலுவீனில் தங்கும் ஈரத்தை எப்படி எடுக்கிறீர்கள்? ஸ்டீம் செலவு கட்டுப்படியாகிறதா? முதலாளி முதலில் அதைத்தான் கேட்பார். அப்புறம், அந்தப் பேக்டு காலம் போடுமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கன்சென்ட்டைத் (இயக்க அனுமதியை) திருத்த வேண்டுமா?