பழைய பாணி சைக்கிளுக்கு ஹப், பேரிங், மட்கார்டு: எதை எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. லக் (குழாய்கள் சேரும் இடத்து உலோக உறை) வைத்துப் பற்றவைத்த ஒரு ஸ்டீல் பிரேமைப் பழைய பாணியிலேயே கட்டி எடுக்கிறேன். ரிம் இரண்டும் 36 துளை. முன் ஃபோர்க்கில் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) உட்காரும் இடைவெளி 100 மி.மீ., அதில் சிக்கல் இல்லை. பின்பக்கம்தான் யோசனை. அங்கே அந்த இடைவெளி 126 மி.மீ., இப்போது எளிதாகக் கிடைக்கும் ரிம் பிரேக் ரோடு ஹப்புகளோ பெரும்பாலும் 130. ஸ்டீல் என்பதால் 4 மி.மீ. விரித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரியாவிட்டால் சக்கரம் நடுக்கோட்டை விட்டு விலகிவிடும். இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: சக்கரம் மாட்டும்போது மட்டும் கையால் விரிக்கிறீர்களா, பிரேமையே நிரந்தரமாக வளைத்துவிட்டீர்களா?

பேரிங்கில் எனக்குக் கப்-கோன்தான் (கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே தனிக் குண்டுகள் உருளும் வகை) பிடிக்கும். பின் ஹப்பைத் திறந்தால் பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் கால் அங்குலம். துடைத்து, புது கிரீஸ் வைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கோனை நிறுத்திப் பூட்டினால் வேலை முடிந்தது. கோனில் குழி விழுந்தால் அதே அளவில் கிடைக்க வேண்டுமே என்பதுதான் கவலை. சீல்டு பேரிங் (குண்டுகளை உள்ளே வைத்து மூடிய ஒரே வளையம்) என்றால் பழசைத் தட்டி எடுத்துப் புதுசை அழுத்திவிடலாம். மழையில் ஓடும் வண்டிக்கு எது நிம்மதி?

அப்புறம் மட்கார்டு. டயர் 32 மி.மீ., அதனால் 45 அகலம் பார்த்து வைத்திருக்கிறேன். அலுமினியம் கொள்ளை அழகு, ஆனால் இழுத்துப் பிடித்து மாட்டினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். குரோம் ஸ்டீல் கனம், துருவும் பிடிக்கும். பிரேக்குக்கு அடியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை உங்கள் வண்டியில் அளந்து சொன்னால் பெரிய உதவி.