1.80-ஐ வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு

புள்ளியியலில் ஒருமுனைச் சோதனையா (கூடியதா அல்லது குறைந்ததா என ஒரு திசையை மட்டும் பார்ப்பது), இருமுனைச் சோதனையா (இரண்டு திசையையும் பார்ப்பது) என்பதில் சூடுபட்டவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பட்டவள்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பில் ஆய்வு செய்தேன். மழைக்காலத்தில் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். அதோடு பயறு மாவும் கொடுத்தால், ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் கிடைக்கும் தேனின் எடை மாறுமா என்பது கேள்வி. 30 பெட்டிக்குப் பாகு மட்டும். 30 பெட்டிக்கு மாவும் சேர்த்து.

இரு கூட்டத்தின் சராசரி வித்தியாசம் தற்செயலான ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது என்று காட்டும் டி மதிப்பு 1.80 வந்தது. இல்லாத வேறுபாட்டை உண்டு என்று சொல்லிவிடும் பிழைக்கு 5 சதவீதம்தான் இடம் என்ற நிலையில், வேறுபாடு உண்டு என்று சொல்ல இருமுனைக்கு 2.00-ஐத் தாண்ட வேண்டும், ஒருமுனைக்கு 1.67 போதும். ஒருமுனைக்கு மாற மென்பொருளில் ஒரு சொடுக்குதான். சொடுக்கினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நெறியாளர் திட்டவில்லை. "தேன் கூடும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய் அம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆய்வுத் திட்டத்தைப் புரட்டினேன். "வேறுபாடு உண்டா என அறிதல்" என்று இருந்தது. முடிவைப் பார்த்த பிறகு திசையைத் தேர்ந்தால், 5 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு 10 சதவீதப் பிழைக்கு இடம் கொடுக்கிறோம். படித்ததுதான், 1.80-ஐக் கண்டதும் மறந்துபோனது.

பெட்டிக்காரப் பாட்டா ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார்: "குறைந்துபோனால் என்ன சொல்லுவாய், மக்களே?" மிச்சத் தீவனத்தில் எறும்பு ஏறி, தேனீ பெட்டியை விட்டு ஓடியதைப் பார்த்தவர் அவர். ஒருமுனைச் சோதனைக்கு அந்தப் பக்கம் கண்ணே கிடையாது. எத்தனை கிலோ குறைந்தாலும் "கூடவில்லை" என்பதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது.

இருமுனைக்கே திரும்பினேன். "வேறுபாடு உண்டு என்று கூறப் போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதினேன். எழுதும்போது கை கூசியது.

*

குளச்சலிலிருந்து ஒரு பதில்:

தங்கை சொன்னது சரி. ஆனால் ஒருமுனை என்றாலே திருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். வலைக் கயிறு வாங்கும்போது சொன்ன வலுவைவிடக் குறைந்த இழுப்பிலேயே அறுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். கூடுதல் வலு இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பவா போகிறேன்? அந்தப் பக்கம் எது வந்தாலும் என் முடிவு மாறாது, அதனால் ஒருமுனை. ஆனால் கயிற்றை இழுத்துப் பார்க்கும் முன்பே அதை நோட்டில் எழுதித் தேதியும் போட்டுவிடுவேன்.

*

அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். என் நோட்டில் தேதி இருந்தது, திசைதான் இல்லை.