கார்பன் இழைத் தகட்டின் அதிர்வுக் கணக்கு: உதவி தேவை

வணக்கம். கார்பன் இழை–எபாக்சி அடுக்குத் தகடு, கொஞ்சம் தடிமனானது. ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, சிறு சுத்தியலால் தட்டி, லேசரால் அளக்கிறேன். அதனால் சென்சார் எடைப் பிரச்சினை இல்லை. ஆனாலும் அளந்த இயல் அதிர்வெண்கள் (தட்டிவிட்டால் தகடு தானாக அதிரும் அதிர்வெண்கள்) கணக்கைவிடக் குறைவு, உயர் அதிர்வெண்களுக்குப் போகப் போக இடைவெளி கூடுகிறது.

இழை நெடுக விறைப்பு சுமார் 140 ஜிகாபாஸ்கல். ஷியர் (ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் சறுக்குவது போன்ற உருமாற்றம்) விறைப்போ 5 ஜிகாபாஸ்கலை ஒட்டித்தான். முதலில் நான் எடுத்த, ஷியரையே விட்டுவிடும் கிர்காஃப் தகட்டுக் கோட்பாடு தகட்டைக் கூடுதல் விறைப்பாகக் காட்டத்தான் செய்யும். எனவே ஷியரையும் சேர்க்கும் மிண்ட்லின் கோட்பாட்டுக்கு மாறினேன். அதில் ஷியர் விறைப்பைப் பெருக்கும் 5/6 திருத்தக் காரணி ஒரே பொருளாலான தகட்டுக்குச் சரி. இழைகள் நெடுக்கிலும் குறுக்கிலுமாக அடுக்கப்பட்ட 0/90 அடுக்குகளுக்கு அதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? இல்லை, திருத்தக் காரணியே தேவைப்படாத ரெட்டியின் மூன்றாம் படிக் கோட்பாட்டுக்கே போய்விடலாமா?

அப்புறம் தணிப்பு, அதாவது அதிர்வு தேய்ந்து அடங்குவது. நிறையையும் விறைப்பையும் வைத்துத் தணிப்பைக் கணக்கிடும் ரேலே தணிப்பு முறை இரண்டு அதிர்வெண்களில் மட்டும் பொருந்துகிறது. இழைத்திசைவாரியாகத் தணிப்பு கொடுத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.